மைனியின் பக்கத்துக்கு ஒரு பச்சை டிக்

"இது என்னுடையதுதான்" என்று ஒருத்தர் சொன்னால் அதை எப்படி நம்புவது? இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு மாதாமாதம் சம்பளம் வருகிறது. சின்ன வயதிலேயே எனக்கு இந்தக் கிறுக்கு உண்டு. தாராவியில் எங்கள் கல்லியின், அதாவது சந்தின், குழாயடியில் ஒரே நிறத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள் நிற்கும். தண்ணீர் வந்ததும் அவரவர் குடத்தை அவரவர் சரியாக எடுத்துக்கொண்டு போவார்கள். எப்படி என்று ஒவ்வொருத்தரிடமும் போய்க் கேட்பேன். ஒருத்தி கழுத்தில் கட்டிய நூலைக் காட்டுவாள், இன்னொருத்தி அடியில் தடவிய பெயிண்டைக் காட்டுவாள். "ஒனக்கு வேற சோலியே இல்லையாட்டி" என்று அம்மா குடத்தாலேயே இடித்து நகர்த்துவாள்.

இப்போது நான் திலக் நகரில் வாடகைக்கு இருக்கிறேன். செம்பூரில் ஒரு சின்னக் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறேன். எங்கள் கம்பெனியின் வேலை ஓர் அடையாள எண்ணைப் பற்றியது. சர்க்கார் கார்டு மாதிரி ஒருத்தர் கொடுக்கிறதும் இல்லை, ஏதோ ஒரு கம்பெனி நினைத்தால் பிடுங்கிக்கொள்கிறதும் இல்லை. அவரவரே உண்டாக்கி அவரவர் போனிலேயே வைத்துக்கொள்கிற எண். அந்த எண்ணோடு ஒருவரின் சமூக ஊடகப் பக்கத்தைச் சேர்க்க வேண்டுமானால், அந்தப் பக்கம் உண்மையிலேயே அவருடையதுதானா என்று பார்க்க வேண்டும். பார்ப்பது மனிதர் இல்லை, நான் எழுதும் புரோகிராம். சரியென்றால் பச்சை டிக், இல்லையென்றால் சிவப்பு. வேலை அவ்வளவுதான்.

என் அண்ணன் இன்னும் தாராவியில்தான் இருக்கிறான். அவன் மனைவியை நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு அது. மைனி குழந்தைகளுக்கான நலங்கு மாவு செய்கிறாள். பச்சைப்பயறு, ஆவாரம்பூ, ரோஜா இதழ் எல்லாவற்றையும் தகரக் கூரைமேல் துணி விரித்துக் காயவைத்து, கல்லி முனை மாவு மில்லில் அரைத்து வந்து சலிப்பாள். அதை வீடியோ எடுத்துப் போடுவாள். முகம் காட்ட மாட்டாள், கையும் குரலும் மட்டும்தான். பாதி நெல்லைத் தமிழ், பாதி பம்பாய் ஹிந்தி. அந்தக் குரலுக்காகவே மாஹிமிலிருந்தும் முலுண்டிலிருந்தும் ஆட்கள் மாவு கேட்டு எழுதுவார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. நான் எழுதியதை யாரும் அப்படி ஆசையாய்க் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மூன்று வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கோபர்கைரனேயிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வந்திருக்கிறாள். 'அந்த வீடியோ அக்கா வீடு எனக்குத் தெரியும்' என்று யாரோ வழி சொல்லியிருக்கிறார்கள். குழந்தையின் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு கன்னமும் சிவந்து, தோல் உரிந்து கிடந்தது.

"நீங்க அனுப்பின கிரீம்தான்" என்று பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தாள்.

மைனி டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து பார்த்தாள். "நான் கிரீமே செய்யதில்லம்மா. வெறும் மாவுதான் செய்யுதேன்."

அந்தப் பெண் போனைத் திறந்து காட்டினாள். மைனியின் பித்தளைக் கிண்ணம், மைனியின் கை, மைனியின் குரல். பெயர்கூட அதேதான், கடைசியில் ஓர் அடிக்கோடு மட்டும் கூடுதல். மைனி எழுதியதையெல்லாம் அப்படியே எடுத்துப் போட்டு, நடுநடுவே சருமத்தை வெளுப்பாக்கும் கிரீமுக்கு ஒரு விளம்பரம். எவனோ ஒருத்தன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அந்த ஜாதி.

மைனி தன் போனைத் திறந்து தன் பக்கத்தைக் காட்டினாள். "இதுதாம்மா என்னது. அது நக்லி, போலி."

அந்தப் பெண் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு. நீங்களே ரெண்டு பேர்ல நடத்தலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. அட, சரியான கேள்வியைக் கேட்கிறாளே என்ற ஆச்சரியம்தான் வந்தது. குழந்தை அழுதது, அதற்கப்புறம்தான் வெட்கம் வந்தது.

"உங்க குரலை நம்பித்தான் வாங்கினேன்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். கல்லியில் நாலு வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

மைனி அன்றோடு வீடியோ போடுவதை நிறுத்தினாள். காயப்போட்ட ஆவாரம்பூ மூட்டையிலேயே கிடந்தது. அந்தப் பெண்ணுக்கு வழி சொன்னவர்களிடம் கேட்டு அவள் எண்ணை அண்ணன் வாங்கிக் கொடுத்தான். 'பிள்ளைக்கு மூஞ்சி எப்படி இருக்கு?' என்று மைனி தினமும் எழுதுவாள், பதில் வராது. நக்லி பக்கத்தைப் பற்றி நான் புகார் போட்டேன். விதி எதுவும் மீறப்படவில்லை என்று ஒரு மெஷின் பதில் அனுப்பியது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது, யாரிடம் காட்டுவது?

"எல்லாம் போட்டும். அவ மனசுல நான் களவாணின்னு பதிஞ்சு போச்சே" என்றாள் மைனி. சோறு இறங்கவில்லை அவளுக்கு.

வாத்தியார் வீட்டுப் பிள்ளை மக்கு என்கிற கதையாக இருக்கக்கூடாது என்று தீர்மானித்தேன். ஆபீஸில் என் புரோகிராம் சோதனைக்குத் தயாராக இருந்தது. மைனியின் பக்கத்தையே முதலில் சோதிப்போம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து விளக்கினேன்.

"மைனி, உங்க போன்ல ரெண்டு சாவி உண்டாகும். ஒண்ணு ரகசியம், போனை விட்டு வெளியே வராது. இன்னொண்ணு ஊருக்கே தெரியலாம். 'இந்தப் பக்கம் என்னுடையது, என் அடையாள எண் இது'ன்னு இங்கிலீஷ்ல ஒரு வாக்கியத்துக்கு ரகசியச் சாவியால கையெழுத்து ஆகும். அந்த வாக்கியத்தையும் கையெழுத்தையும் உங்க பக்கத்துல போட்டுடணும். எங்க புரோகிராம் வந்து படிக்கும், ஊர்ச் சாவியை வச்சுக் கையெழுத்து சரியான்னு பாக்கும். வாக்கியத்துல ஒரு புள்ளி மாறினாக்கூட பொருந்தாது."

மைனி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "சரி பிள்ள. நான் போட்டதயே அவன் அப்படியே எடுத்து அவன் பக்கத்துல போட்டான்னா?"

"கையெழுத்த எல்லாம் யாராலயும் போலியாப் போட முடியாது மைனி" என்றேன், ரொம்பப் படித்தவள் மாதிரி. அவள் கேட்டது போலியாகப் போடுவதை இல்லை, எடுத்துப் போடுவதை. எனக்குக் காதில் விழுந்தது, புத்தியில் விழவில்லை.

எங்கள் வீட்டில் போன் சம்பந்தமான எல்லாவற்றையும் நான்தான் செய்வேன். கரண்ட் பில், ரயில் டிக்கெட், எல்லார் பாஸ்வேர்டும் என் மண்டையில்தான். இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டேன். சொந்தம் என்றால் சொந்தக் கையால் செய்ய வேண்டும், ரகசியத்தை இன்னொருத்தர் பார்க்கக்கூடாது, நானாக இருந்தாலும். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, அடுத்து இதைத் தொடுங்க, அடுத்து அதைத் தொடுங்க என்று வாயால் மட்டும் சொன்னேன். மைனி முணுமுணுத்துக்கொண்டே வாக்கியத்தையும் கையெழுத்தையும் எடுத்துத் தன் பக்கத்தில் ஒட்டிப் போட்டாள். "ஆச்சு" என்றாள். முடிவு தெரியும் இடத்தின் லிங்க்கையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் பார்த்தால் மைனியின் பக்கத்துக்கு நேரே சிவப்பு. கையெழுத்து பொருந்தவில்லை.

நாள் முழுக்கத் தேடினேன். வரி முடியும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து சேர்ந்துவிட்டதா, இடைவெளி கூடிவிட்டதா, மேற்கோள் குறியைப் போன் வளைத்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இந்த மாதிரித் தேடல் எனக்கு அல்வா மாதிரி, பசிகூடத் தெரியாது. பதிவின் தொடக்கத்தில் ஏதோ ஒரு குறியீடு நின்றது: ஒரு பின்சாய்வுக் கோடு, ஒரு யு, பிறகு 0b89. குப்பை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை இன்னொரு வரி முளைத்திருந்தது. அடையாள எண் எங்கே தென்பட்டாலும் என் புரோகிராம் அங்கே தானாகப் போய்ச் சோதிக்கும். அது நக்லி பக்கத்தைக் கண்டுபிடித்திருந்தது. மைனி எழுதுவதையெல்லாம் எடுத்துப் போடுகிறவன் இதையும் எடுத்துப் போட்டிருக்கிறான். அவன் பக்கத்துக்கு நேரே பச்சை டிக்.

மேல் வரியில் அஸ்லி, அதாவது அசல் பக்கம், சிவப்பு. கீழ் வரியில் நக்லி, பச்சை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான்.

எங்கள் டீமை நடத்துகிறவர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், பாலக்காட்டுக் குடும்பம். "ஏன் இப்படி முழிச்சுண்டிருக்கே?" என்று பக்கத்தில் வந்தார். திரையைப் பார்த்ததும் அவர் முகமும் மாறியது. முதல் வேலையாக முடிவு காட்டும் லிங்க்கை மூடினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கீழ் வரி புரிய அரை நிமிஷம் ஆனது. வாக்கியத்தில் 'இந்தப் பக்கம் என்னுடையது' என்று எழுத வைத்திருந்தேன். எந்தப் பக்கம்? பக்கத்தின் பெயரை வாக்கியத்துக்குள் சேர்க்கவே இல்லை. எங்கே எடுத்து ஒட்டினாலும் அது 'இந்தப் பக்கம்'தான். மைனி முறத்தோடு உட்கார்ந்து கேட்டது இதைத்தான். படிக்காதவள் கேட்ட கேள்விக்குச் சம்பளம் வாங்குகிறவள் பதில் சொல்லவில்லை.

மேல் வரிதான் புரியவில்லை. இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே ஒரு வித்தியாசம், அந்த 0b89. நக்லியில் அது இல்லை. போய்த் தேடிப் பார்த்தால் அது எங்கள் திரை குறியீடாக்கிக் காட்டிய ஒரு தமிழ் எழுத்து. உ.

மைனி வாக்கியத்துக்கு மேலே பிள்ளையார் சுழி போட்டிருந்தாள். கையெழுத்து போட்டபோது சுழி இல்லை, பதிவில் சுழி இருக்கிறது, ஆகவே பொருந்தவில்லை. நக்லிக்காரன் சுழியை விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்திருக்கிறான், ஆகவே அவனுக்குப் பொருந்திவிட்டது.

"கம்ப்யூட்டர்ல யாராவது பிள்ளையார் சுழி போடுவாளா?" என்றார் அவர்.

அவர் கையிலிருந்த நோட்டைப் பார்த்தேன். பக்கத்தின் உச்சியில், நடுவில், நீல மையில் உ. அவரும் அதைப் பார்த்தார். "இது பேப்பர். பேப்பர்ல போடுவேன்" என்றார், கொஞ்சம் மெதுவாக.

நானும் பரீட்சைத் தாளில் எல்லாம் போட்டவள்தான். எப்போது நிறுத்தினேன் என்று யோசித்தால் நினைவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, கீபோர்டுக்கு வந்ததும் தானாக விட்டுப்போயிருக்கிறது. மைனிக்கு மட்டும் ஏன் விட்டுப்போகவில்லை? அன்று மத்தியானம் முழுக்க எனக்கு அதே யோசனைதான்.

ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. சாயங்காலம் பஸ் பிடித்து தாராவிக்குப் போனேன். லிங்க்கை யாருக்காவது காட்டினீர்களா என்று கேட்டேன்.

"அந்தக் கோபர்கைரனே பொண்ணுக்கு அன்னைக்கே அனுப்பிட்டேனே. 'இதுல போய்ப் பாரும்மா, எது அஸ்லின்னு தெரியும்'னு எழுதினேன். பாத்துட்டா, ரெண்டு நீல டிக்கு விழுந்துட்டு" என்றாள் மைனி. அவள் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் கொஞ்சம் தெளிச்சி இருந்தது.

எப்படிச் சொல்வது? சொன்னேன். உங்களுக்குச் சிவப்பு, அவனுக்குப் பச்சை, தப்பு என்னுடையது, நீங்கள் கேட்டபோதே நான் கேட்டிருக்க வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். மைனி முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப ஒன் புரோகிராமுக்கு அவன்தான் நானா?"

அவள் சத்தம் போட்டிருந்தால் தேவலை. சத்தம் போடவில்லை. எனக்கு அழுகை முட்டியது, அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "நீங்க எதுக்கு மைனி மேல உ போட்டீங்க? ஒட்டினத அப்படியே விட்டுருந்தா உங்களுக்காவது பச்சை வந்திருக்கும்" என்று சீறினேன்.

"அது போடாம எப்படிப் பிள்ள எழுதுறது?" உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள்.

"அழிச்சுட்டு மறுபடி போடுங்க."

"மாட்டேன். நான் எழுதினதுக்கெல்லாம் மேல அது உண்டு. மாவு பாக்கெட்டுல ஒட்டுத சீட்டுலயும் உண்டு. ஒன் மெஷினுக்காக நான் மாத்தணுமாக்கும்? அது என்னத் தெரிஞ்சுக்கத்தான வந்துருக்கு. அது மாறட்டும்."

சரியாகத்தானே சொல்கிறாள்.

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் மாற்றி எழுதினேன். வாக்கியத்தில் பக்கத்தின் முழுப் பெயரும் வரும். போட்ட பக்கத்தின் பெயரோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் பச்சை. வாக்கியத்துக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே இருப்பதைத்தான் புரோகிராம் படிக்கும். கோட்டுக்கு வெளியே சுழி போடலாம், முருகன் துணை போடலாம், அது அவரவர் இஷ்டம். மாட்டுங்காக்காரர் வரிவரியாகப் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். மைனி மறுபடி போட்டாள், உச்சியில் உ-வோடு. பச்சை விழுந்தது. நக்லிக்காரன் வழக்கம்போல எடுத்துப் போட்டான், வழக்கம்போல உ இல்லாமல். அவனுக்குச் சிவப்பு. அவன் ஏன் அதை மட்டும் ஒவ்வொரு தடவையும் விடுகிறான் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தமிழ் தெரியாத ஆள் ஏதோ அச்சுப் பிழை என்று நினைத்திருக்கலாம். இல்லை, அவனும் மனிதனாக இல்லாமல் ஒற்றை எழுத்தைத் தூக்கிப் போடுகிற இன்னொரு புரோகிராமாக இருக்கலாம். தெரிந்துகொள்ள எனக்கு ஆசைதான்.

புது லிங்க்கை அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு மைனி வேண்டாம் என்றுவிட்டாள். "ஒரு தடவ பொய் சொன்ன வாயி. இனிமே அது என்ன சொன்னாலும் அவ நம்புவாளா?"

மைனி சொன்னது என் புரோகிராமைத்தான். எனக்குச் சுருக்கென்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து மைனி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. அதே பெண், அதே குழந்தை. குழந்தையின் கன்னத்தில் சிவப்பு வடிந்து லேசான தடம் மட்டும் இருந்தது. மைனி ஈரக் கையோடு எழுந்து நின்றாள்.

"நீங்க அனுப்பின லிங்க்கைத் திறந்தேன். அது அந்தக் கிரீம் பக்கத்துக்குத்தான் பச்சை காட்டுச்சு" என்றாள் அந்தப் பெண்.

போச்சு என்றுதான் நினைத்தேன்.

"அப்படி ஒரு கோபம் எனக்கு. போலீசுக்குக் குடுக்கணும்னு ரெண்டு பக்கத்தையும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் உக்காந்து பாத்தேன். உங்க பக்கத்துல ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு உ இருக்கு. ஒண்ணு விடாம இருக்கு. அதுல ஒண்ணுலகூட இல்ல." குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "எங்கம்மாவும் மளிகை லிஸ்ட்டுக்குக்கூட போடுவாங்க. அதைப் போடாம அவங்களுக்குக் கை ஓடாது. அப்படிப்பட்ட ஒருத்தங்க, இன்னொரு பேர்ல எழுதும்போது மட்டும் ஒரு தடவைகூட மறந்தும் போடாம இருப்பாங்களா? அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. அன்னைக்கு உங்களை வாசல்ல நிக்க வச்சுப் பேசிட்டேன். தப்பு என்னுதுதான்க்கா."

மைனி முந்தானையில் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆறட்டும், அதுவரைக்கும் மாவுகூட வேண்டாம், வெறும் தண்ணியே போதும் என்றாள்.

கிளம்பும்போது அந்தப் பெண்ணை நிறுத்தினாள். "போன எடும்மா. ஒரு புது லிங்க்கு அனுப்புதேன், இங்கன இருந்தே பாத்துட்டுப் போ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேண்டாம் என்று சொன்னவள்தானே. அந்தப் பெண் லிங்க்கைத் திறந்தாள். மேலே பச்சை, கீழே சிவப்பு. "இப்ப சரியா இருக்கே. யார் பண்ணது?" என்று கேட்டாள்.

"எங்க நாத்தனாதான்" என்று மைனி என்னைக் காட்டினாள். "நல்லா எழுதுவா. மொத தடவ சுழி போடாம ஆரம்பிச்சுட்டா, அதான்."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். இந்தத் தடவை மறைக்க வேண்டியிருந்தது என் கண்ணைத்தான்.